எழுபது வயசு யாருக்கு?

1

எழுபது வயது முடிந்த யாரானாலும் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் இலவசம். பணக்காரன், ஏழை என்ற பேதம் இல்லை. 2024 அக்டோபர் 29 அன்று தில்லியில் இப்படி அறிவித்தார்கள். அந்த அட்டைக்கு 'ஆயுஷ்மான் வய வந்தனா' என்று சமஸ்கிருதத்தில் பெயரும் வைத்தார்கள். வயதை வணங்குகிறார்களாம். வணங்கட்டும். வணங்குகிறவர்களிடம் கேட்க நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இந்த நாட்டில் எழுபது வரைக்கும் யார் உயிரோடு இருக்கிறார்கள்?

ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. இந்தியாவில் தலித் பெண் சாகிற சராசரி வயது, மேல்சாதிப் பெண் சாகிற சராசரி வயதைவிட 14.6 ஆண்டு குறைவு. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, பதினாலரை வருஷம். பேரப்பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற காலம் அது. ஒன்பது மாநிலங்களின் கணக்கை வைத்து 2022இல் வந்த இன்னொரு ஆய்வு, ஆணையும் பெண்ணையும் சேர்த்துப் பார்த்தாலும் தலித்துகளின் ஆயுள் மேல்சாதி இந்துக்களைவிட மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு என்றது. காசில்லாமையால் மட்டும் வந்த வித்தியாசம் அல்ல இது என்றும் சொன்னது. தமிழ்நாடு அந்த ஒன்பதில் இல்லை. அதனால் நமக்கு ஆறுதல் ஒன்றுமில்லை.

பாபாசாகேப் அம்பேத்கர் செத்தபோது அவருக்கு 65 வயது. ராயப்பேட்டையில் உட்கார்ந்து சித்த வைத்தியம் பார்த்த அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் செத்தபோது 69 நிறையவில்லை. இரண்டு பேருக்கும் இந்த அட்டை கிடைத்திருக்காது.

கோடு எழுபதில் போடப்பட்டிருக்கிறது. போட்டவன் சாதி பார்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். பார்க்காமல் போட்ட கோடு எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது. ஒருத்தனுக்கு அது எட்டிப் பறிக்கிற மாங்காய். எங்கள் பெருசுகளுக்கு அந்த மரமே பக்கத்து ஊர்த் தோப்பில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வயது என்கிற இந்தச் சமத்துவம், சாதியைத் தொடாமல் தாண்டிப் போகிற பழைய பார்ப்பனிய வித்தைதான்.

2

சரி, தப்பிப் பிழைத்து எழுபதைத் தொட்ட ஒரு ஆயா இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். எழுபது என்று யார் சொல்வது? ஆதார் சொல்ல வேண்டும். இந்தத் திட்டத்தில் வயதுக்கு அளவுகோல் ஆதாரில் பதிந்திருக்கும் வயதுதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆயாவிடம் வயது கேட்டேன். "அண்ணா செத்தாரே, அப்போ மூத்தது என் வயித்துல" என்றாள். அண்ணா செத்தது 1969 பிப்ரவரி 3. அவளுக்கு அப்போது பதினெட்டு என்றால் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவள் ஆதாரில் பிறந்த ஆண்டு 1958 என்று இருக்கிறது. பதிவு செய்ய வந்தவன் மூஞ்சியைப் பார்த்துப் போட்ட வருஷம். அந்த அட்டையை நம்பினால், அண்ணா செத்தபோது அவள் பதினோரு வயசில் பிள்ளை சுமந்திருக்க வேண்டும். மெஷினுக்கு அது உறுத்தவில்லை. திருத்தலாம் என்பார்கள். பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான் திருத்த விடுவார்கள், அதற்கும் சான்றிதழ் வேண்டும்.

என்ன சான்றிதழ்? 2024 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிறந்த தேதிக்கு ஆதார் சான்று ஆகாது, பள்ளிச் சான்றிதழைப் பார் என்றது. ஆதாரை நடத்துகிற ஆணையமே 2023 டிசம்பரில் இதைச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து ஐந்தே நாளில், ஆதார் வயதையே அளவுகோலாக வைத்து வணக்க அட்டை வருகிறது. செத்தவனுடைய இழப்பீட்டைக் கணக்குப் போட ஆகாத வயது, உயிரோடு இருக்கிறவளின் வைத்தியத்தை மறுக்க மட்டும் ஆகும்.

பள்ளிச் சான்றிதழ் என்று நீதிமான்கள் சொல்வது அதைவிடக் கொடுமை. எழுபது வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடம் யாரை உள்ளே விட்டது? 1894இல் ஆல்காட் அடையாறில் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் திறக்க வேண்டியிருந்த ஊர் இது. உள்ளே விடாதவனே இன்றைக்கு வாசலில் நின்று, உள்ளே இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறான்.

3

நான் வங்கியில் குமாஸ்தா. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மனிதர்களின் கட்டை விரலைப் பார்ப்பது என் பிழைப்பில் பாதி. ஒவ்வொரு நவம்பரும் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் சாகவில்லை என்று நிரூபிக்க வருவார்கள். 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் அதைக் கணினிமயம் ஆக்கியது. விரலை வைத்தால் உயிர் இருக்கிறது. விரல் விழவில்லை என்றால் உயிர் சந்தேகத்துக்குரியது.

யாருடைய விரல் விழுவதில்லை? நாற்பது வருஷம் குப்பை வாரியவரின் விரல். பினாயிலிலும் பிளீச்சிங் பவுடரிலும் கை வெந்த துப்புரவுத் தொழிலாளியின் விரல். தி.நகரிலும் அடையாறிலும் அடுத்தவன் பாத்திரத்தைத் தேய்த்தே ரேகை தேய்ந்த பெண்களின் விரல். சிமெண்ட் கலவை தின்ற விரல். பேனா பிடித்த விரல் முதல் தடவையே விழுந்துவிடும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கணக்கு இது. எந்தப் புள்ளிவிவரப் புத்தகத்திலும் இல்லை.

"ஈரத் துணியில தொடச்சிட்டு வை ஆயா."

"தொடச்சிட்டுத்தான் வெக்கிறேன் நைனா. தேஞ்ச வெரல்ல இன்னாத்த எடுக்கும் உன் மெஷினு?"

முகத்தைக் காட்டினாலே போதும் என்று இப்போது வசதி வந்திருக்கிறது. கண்ணைச் சிமிட்டு என்கிறது செல்போன். புரை விழுந்து, சதை வளர்ந்து, பாதி மூடிய கண் எப்படிச் சிமிட்டும்? மருத்துவம் பார்க்க வேண்டிய நோயே, மருத்துவத்துக்கு உள்ளே விடாத காவல்காரன் ஆகிவிட்டது.

ரேகை என்பது நமக்குப் புதுசு இல்லை. வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குத் தமிழ் நாட்டுச் சனங்கள் வைத்த பெயரே 'கைரேகைச் சட்டம்'. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது வந்தது. அன்றைக்கு ரேகை கேட்டது, இவன் திருட்டுப்பயல் என்று முன்கூட்டியே எழுதி வைக்க. இன்றைக்குக் கேட்பது, நீ நீதானா என்று சந்தேகப்பட. உழைத்த சாதிகளின் உடம்பின் மேல் அரசாங்கத்துக்கு இருக்கிற அவநம்பிக்கை மட்டும் மாறவில்லை.

4

2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது. ஒவ்வொருத்தருக்கும் 14 இலக்கத்தில் ஒரு 'ஆபா' எண். உன் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாம் அந்த எண்ணில் கோக்கப்படும். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர் பார்த்துக்கொள்ளலாம். 2025 தொடக்கத்திலேயே 70 கோடி எண்ணைத் தாண்டிவிட்டார்கள். எண் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று காகிதத்தில் இருக்கிறது. 2021இல் ஆதாரைக் காட்டித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் பலருக்குக் கேட்காமலே சுகாதார எண் உருவானது செய்தியாக வந்தது. ஊசிக்கு நீட்டிய கையிலிருந்து சம்மதத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்து தள்ளிவிட நான் எழுதவில்லை. சக்கரை, பிரஷர், இருதயம் என்று நாலு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு அலைகிற கெழவிக்கு இதனால் நன்மை வரலாம். யாரை மனசில் வைத்து இதைச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் ஒரு பிளாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வயது மாமி. பிள்ளைகள் அமெரிக்காவில். மாமியின் கையில் கடிகாரம், அது நாடித் துடிப்பை நியூஜெர்சிக்கு அனுப்புகிறது. ரத்தம் எடுக்க ஆள் வீட்டுக்கே வருகிறான், ரிப்போர்ட் மகனின் செல்போனுக்குப் போகிறது. மாமியைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் கண்ணகி நகரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிற அறுபத்து நாலு வயதுக்காரி. அவளுக்கும் சக்கரை இருக்கிறது. அவள் செல்போன் பட்டன் போன். ஆதாரோடு சேர்ந்திருக்கும் நம்பர் எப்போதோ தொலைந்த சிம். ஓடிபி வந்தால் அது எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு முதுமை. ஒன்றுக்கு உடம்பு பூராவும் தகவல். இன்னொன்று அந்தத் தகவலைக் கையால் உண்டாக்கிக் கொடுக்கிறது, தனக்கென்று ஒரு சீட்டும் இல்லாமல்.

அவள் ஏன் கண்ணகி நகரிலிருந்து வருகிறாள்? 2000ஆம் ஆண்டு முதல் நகரத்துக்குள்ளே இருந்த நம் சனங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே கொட்டினார்கள். பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். மயிலாப்பூரில் பிறந்து, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, அங்கேயே கிழடான உடம்பை இருபது கிலோமீட்டர் தள்ளி எறிந்துவிட்டு, உன் ரெக்கார்டு எங்கே போனாலும் கூடவே வரும் கெழவி என்று ஆறுதல் சொல்கிறார்கள். ரெக்கார்டு நொடியில் வரும். கெழவி எந்த பஸ்ஸில் வருவாள்?

கணினி சாதி கேட்பதில்லை என்கிறார்கள். முகவரி கேட்கிறது இல்லையா? கண்ணகி நகர் என்றால் வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். முகவரியே சாதியாகிவிட்ட ஊரில், சாதிக் கட்டம் காலியாக இருந்து என்ன ஆகப்போகிறது?

5

கொடுத்த தகவலுக்கு என்ன பாதுகாப்பு? 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணினிகளை யாரோ முடக்கினார்கள், நாள் கணக்கில் படுத்துவிட்டன. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசி விவரங்களை டெலிகிராமில் ஒரு இயந்திரக் கணக்கு அள்ளிக் கொடுத்தது. 2024 செப்டம்பரில் நம் நுங்கம்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, அதே டெலிகிராமில் விலைக்கு வந்தன. 3 கோடிப் பேருக்கு மேல் என்றான் திருடியவன். அனுமதியில்லாமல் தகவல் எடுக்கப்பட்டதை ஒப்புக்கொண்ட நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை அரசுக்காக நடத்தியதும் இதே நிறுவனம்தான். ஏழைகளின் நோயும் கம்பெனியின் கணினியும் ரொம்ப காலமாக உறவு.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தகவலைக் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். படிக்கிறபோது சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பணம் யாருக்குப் போகும்? அரசாங்க கஜானாவுக்கு. நோயை ஊர் பார்க்கப் பரிகொடுத்தவளுக்கு ஒரு பைசா கிடையாது. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த பிரிவையும் எடுத்துவிட இதே சட்டம் வழி செய்கிறது. அதோடு விடவில்லை. பொய்ப் புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். நம் ஊரில் எந்தப் புகார் பொய்ப் புகார் என்று முத்திரை குத்தப்படும் என்பதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரேகை விழாதவளைத் திருப்பி அனுப்புவது மோசடியைத் தடுக்கத்தான் என்பது இன்னொரு சமாதானம். மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆயுஷ்மான் காப்பீட்டில் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் கிட்டத்தட்ட ஏழரை லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். ஏற்கெனவே செத்துப்போனதாகப் பதிவாகியிருந்த 3,446 பேருக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்லி 6 கோடியே 97 லட்சம் ரூபாய் வழங்கப்பட்டிருக்கிறது. உயிரோடு இருக்கிறவள் விரல் விழவில்லை என்று வெளியே நிற்கிறாள். பிணம் உள்ளே போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறது. பிணத்துக்கு எந்த விரல் விழுந்தது ஐயா?

6

தகவல் தகவல் என்கிறார்களே, எந்தத் தகவலை இவர்கள் கேட்பதே இல்லை என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சாவைப் பதிவு செய்கிற படிவத்தை வாங்கிப் பாருங்கள். செத்தவரின் மதம் கேட்கிறது. பீடி சிகரெட் குடித்தாரா, எத்தனை வருஷம்? புகையிலை போட்டாரா? பாக்கு மென்றாரா? சாராயம் குடித்தாரா? எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. தொழில் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் 'கூலி' என்று ஒரு வார்த்தை எழுதி மூடிவிடுவார்கள். எத்தனை வருஷம் சாக்கடைக்குள் இறங்கினார் என்று கேட்க இடமில்லை. அந்தக் குழிக்குள் இறங்குவதற்காகத்தான் குடித்தார் என்று எழுதவும் இடமில்லை. நம் சாவுக்கு நம் கெட்ட பழக்கமே காரணம் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிய காகிதம் அது. அதைக் கணினியில் ஏற்றினால் தீர்ப்பு வேகமாக வரும், வேறொன்றும் மாறாது.

அந்தரங்கம் பேசுகிற நண்பர்கள் சிலர், எந்தத் தகவலும் கொடுக்காதே, எல்லாம் கண்காணிப்பு என்கிறார்கள். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கும் வேண்டும். ஆனால் எண்ணப்படாமல் இருப்பது நமக்கு விடுதலை இல்லை. 1881 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போதே எங்களை ஆதித் தமிழர் என்று பதிவு செய் என்று கேட்டவர் அயோத்திதாசர். 1932இல் வாக்குரிமைக் குழு வந்தபோது தீண்டப்படாதவர்களின் எண்ணிக்கையைச் சாதி இந்துக்கள் எப்படித் திடீரென்று சுருக்கிக் காட்டினார்கள் என்று அம்பேத்கர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். எண்ணிக்கை என்பது நமக்குப் போர்க்களம். யார் எண்ணுவது, எதை எண்ணுவது, எண்ணியது யார் கையில் இருப்பது, இவைதான் நம் சண்டை. அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணுவோம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு அறிவித்தது. எந்தச் சாதியில் எத்தனை தலை என்பதோடு நில்லாமல், எந்தச் சாதி எந்த வயதில் சாகிறது என்பதையும் சொல்லட்டும்.

கணினி இல்லாவிட்டால் வைத்தியம் நடக்காது என்று யாராவது சொன்னால் எய்ம்ஸைக் காட்டுங்கள். மந்திரிகள் போய்ப் படுக்கிற ஆஸ்பத்திரியிலேயே கணினி படுத்தபோது பேனாவும் பேப்பரும் வைத்து வைத்தியம் நடந்தது. அங்கே செல்லும் பேப்பர் கண்ணகி நகரில் ஏன் செல்லாது? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' 2024இல் ஐ.நா. விருது வாங்கியது. சக்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது கணினி அல்ல. சொற்ப ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடந்த சுயஉதவிக் குழுப் பெண்கள். அவர்கள் காலுக்குக் கொடுக்காத சம்பளத்தைக் கணினிக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு முதியோர் நலம் என்று பெயர் வைக்காதீர்கள்.

நாம் கேட்பது இவ்வளவுதான். எண் இல்லை, ரேகை விழவில்லை, ஓடிபி வரவில்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் எந்தப் பெருசையும் திருப்பி அனுப்பக் கூடாது, அனுப்பினால் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கு. எழுபது என்கிற கோட்டை தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் இறக்கு. வயதைப் பெருசுகளின் வாய் சொன்னால் ஏற்றுக்கொள். சாவுப் படிவத்தில் சாதியையும், செய்த தொழிலையும், செய்த வருஷத்தையும் எழுது, ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடு, ஆள் பெயரை வெளியே விடாதே. யாருடைய தகவல் திருடு போனதோ அவர் கையில் நஷ்டஈட்டைக் கொடு. கணினியில் ஏற்றுகிற ஒவ்வொரு சீட்டையும் தமிழில், காகிதத்தில், கொட்டை எழுத்தில் அந்தக் கெழவியின் பிளாஸ்டிக் பையிலும் போடு.

இதையெல்லாம் செய்ய முடியாது, செலவாகும் என்பார்கள். எழுபது கோடிப் பேருக்கு எண் ஒட்ட முடிந்தது இவர்களால். எங்கள் ஆயாக்களிடமிருந்து பறித்த பதினாலரை வருஷத்துக்கு இன்னும் ஒருத்தனும் கணக்குக் காட்டவில்லை. முதலில் அந்தக் கணக்கைக் கொண்டுவா. அப்புறம் விரலை நீட்டுவதைப் பற்றிப் பேசலாம்.